அந்த ஒரு எண் மட்டும்

போன வாரம், நான் வேலை பார்த்த மகளிர் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. இப்போது அங்கே ரைட்டராக இருக்கும் பெண் பேசினாள். நிலையத்தின் எழுத்து வேலை முழுவதும் ரைட்டர் தலையில்தான் விழும். நான் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலி என்னுடையதாக இருந்தது.

"அக்கா, ஒரு போக்சோ கேசுல போனை லேபுக்கு அனுப்பணும். ஒரு எண்ணோட மெசேஜை மட்டும் எடுங்க, மத்ததைத் தொறக்காதீங்கன்னு நீங்க ஒரு லெட்டர் போட்டிருக்கீங்களாமே. அதுக்கு மாடல் இருக்காக்கா?"

எங்கள் துறையில் மாடல் இல்லாமல் ஒரு வரி நகராது. லீவு லெட்டருக்குக்கூட முந்தைய ஆள் எழுதியதைத் தேடி எடுத்து, அவர் வீட்டுக் காய்ச்சலை நம் வீட்டுக் காய்ச்சலாக மாற்றித்தான் பழக்கம். கேட்டவுடன் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் மனசு உறுத்தியது. குழந்தைகளுக்கு நேரும் பாலியல் கொடுமைகளுக்கான போக்சோ வழக்குகளில் அந்தக் கடிதம் இன்று நான்கைந்து நிலையங்களில் சுற்றுகிறதாம். என் பெயரைச் சொல்லிப் பாராட்டுகிறார்களாம். அது என் புத்திசாலித்தனத்தில் பிறந்த கடிதமில்லை, நான் செய்த ஒரு தப்பில் பிறந்தது. கடிதத்தை மட்டும் ஊருக்குக் கொடுத்துவிட்டுத் தப்பை நான் வைத்துக்கொள்வது நியாயமில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

திருவரங்குளம் பக்கத்திலிருந்து இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவள் நான். பயிற்சியில் கவாத்து, லத்தி, துப்பாக்கி எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்தவர் போனை எப்படித் தொடுவது என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் போன் என்பது ஸ்டேஷன் மேசையில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் ஒரு சாமான். அதை நாங்கள் தொட்டாலே ஏட்டையா முறைப்பார்.

செல்போன் வந்த புதிதில், ஒரு வழக்கில் நான் முதன்முதலாகக் கைப்பற்றிய போனைப் பற்றி மகஜர் என்னும் பறிமுதல் குறிப்பில் இப்படி எழுதினேன்: "கருப்பு நிறம், நல்ல நிலையில் வேலை செய்கிறது." சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், "வேலை செய்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு போன் போட்டுப் பாத்தேன் ஐயா."

"யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு ஐயா."

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதி ஒரு கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். அந்த வக்கீல் பல வருடங்களுக்கு என்னை எங்கே பார்த்தாலும், "வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்று விசாரிப்பார். அந்த வழக்கு தோற்றதற்குக் காரணம் அது மட்டுமில்லை என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு எங்கள் நிலையத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வெந்நீர் மட்டும்தான் குடிப்பார். கோபம் ஏற ஏற அவரிடம் மரியாதை ஏறும். எங்களை "வா" என்று கூப்பிட்டால் எல்லாம் நலம். "வாங்க" என்றால் எங்கேயோ ஏதோ சரியில்லை. "உட்காருங்க" என்றால் தொலைந்தோம். "டீ சாப்பிடுறீங்களா" என்றும் கேட்டுவிட்டால் வேறு ஊருக்கு மாறுதல் வருகிறது என்று பொருள்.

அவர் வந்த முதல் வாரம், வீட்டை விட்டுப் போன ஒரு கல்லூரிப் பெண்ணைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்திருந்தோம். அவள் போன் என் மேசையில் திறந்திருந்தது. நான்கு பேர் சுற்றி நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது நான். பையன் எழுதிய கவிதையை ஒருத்தி ராகம் போட்டு வேறு வாசித்தாள். அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் அம்மா எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை.

"தேவைக்குப் படிக்கிறீங்களா, ஆசைக்குப் படிக்கிறீங்களா?" என்றார்.

"படிக்கிறீங்களா" என்று மரியாதையோடு வந்ததால் நாங்கள் ஐந்து பேரும் ஐந்து திசையில் போனோம். அன்றிலிருந்து எந்தக் கோப்பைக் கொண்டுபோனாலும், எந்தப் போனை எடுத்தாலும் அதே கேள்விதான். "தேவைக்கா, ஆசைக்கா?" கேட்டுக் கேட்டு எங்களுக்குப் புளித்தே போயிற்று. டீயில் இரண்டாவது கரண்டி சர்க்கரை போட்டால்கூட நாங்கள் ஒருவரை ஒருவர் அப்படிக் கேட்டுச் சிரிப்போம்.

இப்போது அந்த வழக்குக்கு வருகிறேன். அறந்தாங்கிப் பக்கம் ஒரு ஊர். எந்த ஊர் என்று கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்லமாட்டேன். அந்த அம்மாவுக்கு மல்லிகா என்று நானாக ஒரு பெயர் வைக்கிறேன். மகளை இந்தக் கட்டுரை முழுக்கப் பாப்பா என்றே சொல்வேன். எட்டாம் வகுப்பு. கணவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் இருப்பார்.

பாப்பாவுக்கு ஒருவன் கணக்கு டியூஷன் எடுத்தான். வீட்டுப்பாடத்தை மல்லிகாவின் போனுக்கு அனுப்புவான். வீட்டில் இருந்தது அந்த ஒரு போன்தான். முதலில் கணக்கு வந்தது, பிறகு குட்நைட் வந்தது, பிறகு போட்டோ கேட்டான், அதன் பிறகு மிரட்டினான். அனுப்பியதையெல்லாம் உடனுக்குடன் இரண்டு பக்கமும் அழித்துவிடுவான். ஒரு நாள் போன் மல்லிகாவின் கையில் இருந்தபோது ஒன்று வந்தது. படித்தாள். கண்ணெதிரிலேயே அது மறைந்தும் போயிற்று. ஆக, அந்தப் போனும் அதில் அழிந்ததை மீட்டெடுக்கும் தடய அறிவியல் கூடமும் இல்லாமல் வழக்கு நிற்காது. அவனிடம் இன்னும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மல்லிகா மகளோடு வந்தாள், புகார் கொடுத்தாள், எல்லாம் சொன்னாள். போனைக் கேட்டதும், "அது தொலைஞ்சிருச்சும்மா" என்றாள்.

"எங்க தொலைச்சீங்க?"

"பஸ்ஸுல."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, மடியில் இருந்த பைக்குள் போன் அடித்தது. மல்லிகா பையைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் அம்மா மட்டும் எதுவும் நடக்காதது மாதிரி, "எடுத்துப் பேசும்மா, அவரு கவலப்படுவாரு" என்றார். மல்லிகா எடுத்து, "கடைக்கு வந்திருக்கேங்க, வீட்டுக்குப் போயிப் பேசுறேன்" என்று வைத்தாள். பிறகு அழுதாள்.

"அழிச்சதையும் எடுப்பாங்களாமே, நெசமாம்மா?"

"எடுப்பாங்க. அதுக்குத்தானே கேக்குறோம்."

"அவன் அழிச்சதைன்னா சரி. நான் அழிச்சதையும் எடுப்பாங்கள்ல?"

இன்ஸ்பெக்டர் அம்மா தன் வெந்நீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அந்தப் போன்ல வேற என்னம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரவுக இருக்காக" என்றாள் மல்லிகா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. உண்மைதான், அவள் கல்யாண வாழ்க்கையில் பெரும்பகுதி அந்தப் போனுக்குள்தான் நடந்திருந்தது. சண்டை, சமாதானம், கொஞ்சல் எல்லாம் அதற்குள் கிடந்தன. அதை முன்பின் தெரியாத ஒருவர் மேசையில் கொட்டிப் பார்ப்பார் என்றால் எந்தப் பெண் கொடுப்பாள்?

நான் இன்ஸ்பெக்டர் அம்மாவின் காதில், "சட்டம் இருக்கும்மா, எடுத்துரலாம்" என்றேன்.

"எடுத்துரலாம். பறிகொடுத்த அம்மா பாப்பாவப் பேச விடுமா?" என்றார்.

ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசி, வாக்குக் கொடுத்துத்தான் வாங்கினார். அவன் எண்ணைத் தவிர வேறு எதையும் எங்கள் நிலையத்தில் யாரும் திறக்கமாட்டார்கள் என்பது வாக்கு. மல்லிகா பூட்டு எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நான்காக மடித்து என் கையில் வைத்தாள். பாப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் பின்னறைக்குப் போனாள்.

நான் மகஜருக்காகப் போனின் அடையாளங்களைக் குறித்தேன். அவனுடைய பக்கத்தைத் திறந்து, அவன் அழிக்க விட்டுப்போன மூன்று செய்திகளைப் படம் எடுத்தேன். அதோடு மூடியிருக்கலாம். அதற்கு அடுத்த பெயர் "அவுக" என்று இருந்தது. ஒருவேளை அந்த டியூஷன்காரன் வேறு பெயரிலும் பேசியிருந்தால் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். "அவுக" என்று எவளாவது டியூஷன்காரன் எண்ணைப் பதிந்து வைப்பாளா? எனக்கே தெரியும். ஆசைக்குத் தேவை என்று பெயர் வைத்துத்தான் திறந்தேன்.

என்னவோ இருக்கப் போகிறது என்று எதிர்பார்த்தேன். இருந்தது குதிகால். மல்லிகாவின் பாதத்தில் பெரிய பெரிய வெடிப்புகள். அவள் தினமும் அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அவர் தினமும் கேட்டிருக்கிறார். "இன்னைக்குக் கொறஞ்சிருக்கா?" "மஞ்சள் வச்சியா?" "செருப்பு இல்லாம வயலுக்குப் போகாதன்னு எத்தனை தடவ சொல்றது." அவ்வளவுதான். இதற்கா அவள் அழுதாள் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் எனக்கே வெட்கமாகப் போயிற்று, மூடிவிட்டேன். பழுப்பு உறை, துணி, அரக்கு, சாட்சிகள் கையெழுத்து எல்லாம் முறைப்படி நடந்தது. நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பாப்பா மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். நான் சாதாரணச் சேலையில் போனேன், குழந்தை வழக்குகளில் யூனிஃபார்ம் கூடாது. நீதிமன்ற வாசலில் சரளைக்கல் கொட்டியிருந்தார்கள். மல்லிகா கொஞ்சம் நொண்டி நொண்டி நடந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்பில்தான் கேட்டேன்.

"ஏம்மா, மஞ்சள் வச்சும் கேக்கலையா? வேப்பெண்ணெய் போட்டுப் பாரு."

மல்லிகா நின்றுவிட்டாள்.

"மஞ்சள் வச்சது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் சத்தம் போடவில்லை, திட்டவும் இல்லை. பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். பாப்பா உள்ளே போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டிய நேரத்தில் நான் மட்டும் சரளைக்கல்லில் நின்றுகொண்டிருந்தேன். டியூஷன்காரன் தலைமறைவாக இருந்தான். அடுத்த வாரம் அவன் முன்ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. பாப்பா பேசாவிட்டால் அவன் மறுபடியும் கரும்பலகை முன் நிற்பான்.

நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டு முடித்து, "உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். "டீ சாப்பிடுறீங்களா" வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க எதைத் தொறந்தீங்க, எதுக்குத் தொறந்தீங்கன்னு ஒங்க கையால எழுதுங்க. அது கோர்ட்டுக்குப் போகும். எழுதிட்டு அந்த அம்மா வீட்டுக்குப் போங்க. நானும் வரமாட்டேன், ஜீப்பும் வராது."

அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில்தான் போனேன். என் வாழ்க்கையில் எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன், அன்றைக்குத் தட்டிய மாதிரி மெதுவாகத் தட்டியதில்லை. பாப்பாதான் திறந்தது.

"எங்க அப்பா மெசேஜைப் படிச்சீங்களா?" என்றது.

"படிச்சேன் ஆத்தா. தப்புத்தான்."

"என்னோடதையும் எல்லாரும் படிப்பாங்களா?"

பொய் சொல்லிப் பழகிய வாய்தான் எனக்கு. பிள்ளைகளிடம் "ஒண்ணும் ஆகாது" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அன்று எண்ணிப் பார்த்துச் சொன்னேன். "எல்லாரும் இல்ல. லேபுல ஒருத்தரு, எங்க இன்ஸ்பெக்டரம்மா, நம்ம வக்கீலு, அவன் வக்கீலு, ஜட்ஜு. நான் ஏற்கெனவே படிச்சிட்டேன். ஆறு பேரு."

பாப்பா விரலை மடக்கி ஆறு எண்ணியது. "அம்புட்டுத்தானா?" என்றது. அது முகம் கொஞ்சம் இளகியதைப் பார்த்தேன். ஊரே படிக்கும் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை இத்தனை நாள் இருந்திருக்கிறது.

மல்லிகா உள்ளேயிருந்து வந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் என் போனை எடுத்து, பூட்டைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

"ஒன்னோடத நான் பாத்தேன். என்னோடத நீ பாரு. எங்க வீட்டுக்காரரு பேரு மொதல்லயே இருக்கும்."

வாங்கமாட்டாள் என்று நினைத்தேன். வாங்கினாள். கதவோரம் சாய்ந்து நிதானமாக மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். நேரம் ஆக ஆக எனக்கு வேர்த்தது. அவள் முகம் ஒரு மாதிரி மாறியது, உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்துவிட்டாள்.

"என்னக்கா இது? 'மோட்டார் போட்டாச்சா', 'போட்டாச்சு'. 'பால் வந்துச்சா', 'வந்துச்சு'. 'மோட்டார் நிறுத்தியாச்சா', 'ம்'. மூணு மாசமா இதேதான் இருக்கு. இதுக்குப் பூட்டு வேற போட்டு வச்சிருக்கீங்களா?"

பாப்பாவும் எட்டிப் பார்த்துச் சிரித்தது. முதல் நாளிலிருந்து அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. என் மானம் போனது பெரிதாகத் தெரியவில்லை. சொல்லப்போனால், எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து கணவருக்கு "சாப்பிட்டீங்களா" என்று ஒரு செய்தி அனுப்பினேன். அவர் பதறிப் போய் உடனே அழைத்து, "என்னாச்சு? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.

மல்லிகா போனைத் திருப்பிக் கொடுக்கும்போது சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"அக்கா, வாயால சொன்னது போன தடவையே பாத்தாச்சு. இனிமே எழுத்துல வேணும். அந்த ஒரு எண்ணு மட்டுந்தான். அவுக பேரு வெளிய வரக்கூடாது."

அப்படித்தான் அந்தக் கடிதம் வந்தது. நான் எழுத, இன்ஸ்பெக்டர் அம்மா திருத்த, நான்கு தாள் கிழிந்தது. இந்த எண், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, அழிந்ததை மீட்டாலும் இந்த எண்ணுடையது மட்டும், மற்றவை எதையும் திறக்கவோ அறிக்கையில் சேர்க்கவோ வேண்டாம். மல்லிகாவுக்குப் படித்துக் காட்டினோம். "மட்டும்" என்று வருகிற இடங்களில் எல்லாம் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முன்ஜாமீன் மனு வருவதற்கு முதல் நாள் பாப்பா மாஜிஸ்திரேட் அறைக்குள் போனது. வெளியே நான் உட்கார்ந்திருந்தேன், கதவு வெகுநேரம் திறக்கவில்லை. வந்ததும், "தண்ணி வேணும்" என்று மட்டும் கேட்டது.

அவனுக்கு முன்ஜாமீன் கிடைக்கவில்லை, பிடிபட்டான். லேப் அறிக்கையில் அந்த எண்ணின் செய்திகள் மட்டும் வந்தன, அழித்ததெல்லாம் வந்தன, அவை போதுமானதாக இருந்தன. அவனிடம் படித்த இன்னும் இரண்டு பிள்ளைகளின் வீட்டார் தாங்களாகவே நிலையத்துக்கு வந்தார்கள். இருவருக்கும் முதலில் அந்தக் கடிதத்தைத்தான் காட்டினோம்.

விசாரணையில் எதிர்த்தரப்புக்கு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே வக்கீல்தான். தலை நரைத்திருந்தது. என் அறிக்கையை எடுத்துக்கொண்டார்.

"இந்த முறை யாருக்கும் போன் போடவில்லையே?"

"இல்லைங்க ஐயா."

"வழக்குக்குச் சம்பந்தமில்லாத உரையாடலைப் பார்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏன் எழுதினீர்கள்?"

"பாத்ததுனால ஐயா."

அவர் என் அறிக்கையை மடித்து மேசையில் வைத்தார். அதற்கு மேல் அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, உட்கார்ந்துவிட்டார். டியூஷன்காரனுக்குத் தண்டனை கிடைத்தது.

இப்போது டிவியில் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற எல்லார் போனையும் எந்நேரமும் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒருவர் மேசையைத் தட்டுகிறார். யார் போனையும் எதற்காகவும் தொடக் கூடாது என்று இன்னொருவர் தட்டுகிறார். இரண்டு பேரும் மல்லிகா வந்த அன்று எங்கள் நிலையத்தில் இருந்திருக்க வேண்டும். முதலாமவர் சொல்கிறபடி செய்திருந்தால் அவள் வாசலோடு திரும்பியிருப்பாள். இரண்டாமவர் சொல்கிறபடி செய்திருந்தால் அவன் இன்னும் கணக்கு நடத்திக்கொண்டிருப்பான். எனக்கு இதற்கு மேல் வாதம் தெரியாது, ஒரு கடிதம் எழுதத் தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, போனைத் திருப்பிக் கொடுக்க நீதிமன்றத்திலிருந்து உத்தரவு வந்தது. மல்லிகாவும் பாப்பாவும் நீதிமன்ற அலுவலகத்துக்கு வந்தார்கள், நானும் போயிருந்தேன். பாப்பா அம்மாவைவிட உயரமாகியிருந்தது. மல்லிகாவிடம் இப்போது வேறு போன் இருந்தது. ஆனாலும் பழசுக்கு அவள் காத்திருந்தாள் என்று கையெழுத்துப் போட்ட வேகத்திலேயே தெரிந்தது. போன் செத்துக் கிடந்தது. அங்கிருந்த ஊழியரிடம் சார்ஜர் வாங்கிச் செருகினோம். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்து பூட்டு எண் கேட்டது.

அந்த எண் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் என் கையில் நான்காக மடித்து வைத்தது. மல்லிகா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கங்க."

"அம்மா, இவுகளுக்குத்தான் தெரியும்ல" என்று பாப்பா சிரித்தது.

"தெரிஞ்சா என்ன? திரும்பட்டும்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். பின்னால் விரல் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆணின் குரல், பழைய குரல் பதிவு. எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக வைத்தாள் என்று நினைக்கிறேன். "ஏய், காலு எப்புடி இருக்கு? ஒரு போட்டோ அனுப்பு." அம்மாவும் மகளும் ஒன்றாகச் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கை போனது. ஆனால் அவள் திரும்பச் சொல்லும்வரை நான் திரும்பவில்லை.